பாப்பாவின் பாஸ்போர்ட்

பாப்பா பிறந்த மாதமே எடுத்த பாஸ்போர்ட் அது. படத்தில் மொட்டைத் தலையும் பொக்கை வாயுமாக இருந்தவள் இப்போது இரட்டைக் குடுமியோடு ஓடுகிறாள்.

"ஏங்க, அடையாளம் தெரியலைன்னு பிளேன்ல ஏத்தாம விட்டுட்டா?" அம்மா பாப்பாவின் குடுமிகளை இறுக்கிக் கட்டினாள்.

அப்பா மந்திரி மாதிரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காத."

கவுண்டர் பெண் அப்பாவின் படத்தையும் வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்கதானா சார்?"

மந்திரிக்கு வியர்த்தது.

பாப்பாவின் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் கவுண்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அச்சு அசல்! அதே குடுமி, நெத்தியில அதே பிளாஸ்திரி. போட்டோன்னா இப்படி இருக்கணும்!"

"எல்லாம் என் ஏற்பாடு" என்று நிமிர்ந்தார் அப்பா.

அம்மா வாயைத் திறக்கவில்லை. பிளாஸ்திரியை வரும் வழியில் டாக்ஸியில்தான் ஒட்டியிருந்தாள்.

விமானம் மேலேறியதும் பாப்பா மடியிலேயே தூங்கிப்போனாள். அம்மா பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். படத்திலும் கண்கள் மூடியிருந்தன. கடைவாயில் எச்சில் ஒழுகியிருந்தது. எவ்வளவு அழகாகத் தூங்குகிறாள் என்று சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, எழுந்துவிடப் போகிறாளே என்று சத்தமில்லாமல் மூடி வைத்தாள்.