அப்பனைக் கொண்டு பொறந்தவ

“மூணாப்புப் படிக்கிற பிள்ளைக்கு இன்னுமா வாய்ப்பாடு வரலை?”

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ கேட்டதுதான் தாமதம், இருதயம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

“பெனிஷா அப்பனைக் கொண்டு பொறந்திருக்கா. என் தம்பி ரெக்ஸுக்கு அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வரலை. மூணாப்புலயே மூணு வருசம் குப்பை கொட்டுனவன்!”

கூட்டம் சிரித்தது. ரெக்ஸும் கொஞ்சம்கூட ரோஷமில்லாமல் சேர்ந்து சிரித்தான். அவன் மனைவி அனிதா மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மதினி, ஊருக்கு முன்னால அவுகள இப்பிடிப் பேசாதீக.”

“உள்ளதத்தான ஆத்தா சொல்றேன்?”

கூடப் பிறந்தவன் மானத்தை வாங்குவதில் இப்படியும் ஒரு அக்காவுக்கு ஆசையா?

மறுநாள் கம்பத்திலிருந்து தேனி டாக்டரிடம் பெனிஷாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, கூப்பிடாமலே நாத்தனாரும் பஸ் ஏறினாள். அங்கேயும் அதே பாட்டைத்தான் பாடப்போகிறாள் என்று அனிதாவுக்கு எரிச்சல்.

“இவ வயித்துல இருந்தப்ப ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?” டாக்டர் கேட்டார்.

“வலிப்பு மாத்திரை, டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாலருந்தே...” அனிதா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஏத்தா, நர்ஸம்மா கூப்பிடுறாக. பிள்ளைக்கு எடை பாத்துட்டு வா” என்று அவளை விரட்டினாள் இருதயம்மாள்.

எடை பார்த்துத் திரும்பியவள், கதவுத் திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“அப்பா வழியில யாருக்காவது படிப்பு வராம இருந்துச்சா?”

“ஒருத்தருமில்ல, டாக்டர். என் தம்பி நாலு வயசுலயே முழு ஜெபமாலையும் பாக்காமச் சொன்னவன். கணக்குல வாத்தியாரையே மடக்கிருவான்.”

“அப்ப அந்த மாத்திரை காரணமா இருக்கலாம். தனியா பயிற்சி குடுத்தா இவ நல்லாவே முன்னேறுவா. அடுத்த குழந்தைக்கு ஆசைப்பட்டா, முன்கூட்டியே வந்து வேற மாத்திரைக்கு மாறிக்கலாம். ஆனா அவங்களா நிறுத்திடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. அம்மாகிட்ட நானே சொல்றேன்.”

“பக்குவமாச் சொல்லுங்க, டாக்டர். ‘என்னாலதான் பிள்ளை இப்பிடி’ன்னு போன வருசம் அழுது, மாத்திரையத் தூக்கிக் குப்பையில போட்டவ அவ. அன்னைக்குத்தான் நானும் தம்பியும் கூடிப் பேசி இந்தப் பொய்யக் கட்டுனோம். அவ மாத்திரை போட்டு நல்லா இருப்பான்னா, தம்பி என்ன தம்பி, எங்க வம்சத்தையே மக்குன்னு கோயில் மைக்குல சொல்லுவேன்!”