மைத்துனி கத்தரித்து வந்த கட்டுரை

காரில் நான்கு பேர் இருந்தார்கள்: வண்டி ஓட்டிய மூத்த மருமகன், அவர் மனைவி, மனைவியின் தங்கை, அவளுடைய புதுக் கணவன். நால்வருக்கும் கொலைப்பசி. மைத்துனியின் கையில் 'கடற்கரையில் எங்கே சாப்பிடலாம்?' என்று பத்திரிகையில் வந்த கட்டுரை இருந்தது.

"அத்தான், முதல்ல நீல ஜன்னல் கடையைப் போட்டிருக்கு."

"அங்க வேணாம்மா. ஈ மொய்க்கும்."

"அப்ப படகுத்துறைக் கடை?"

"உட்கார இடமே கிடைக்காது."

மனைவி அவர் காதருகே குனிந்தாள். "ஒரு வேளைச் சோறு வாங்கிக் குடுக்க இவ்வளவு கஞ்சத்தனமா? தங்கச்சி வீட்டுக்காரர் என்ன நினைப்பாரு?"

"சகலை, பில்லை வேணா நான் குடுத்துடறேன்" என்றான் புது மாப்பிள்ளை.

மானம் கப்பலேறியது. எதிரே தெரிந்த கடையின் முன் காரை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள்.

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். "வாங்க சார். போன மாசம் வாசல்ல நின்னு போர்டை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போனது நீங்கதானே? இந்தக் கட்டுரையை எழுதினதும் நீங்கதான்னு பத்திரிகை ஆபீஸ்ல சொன்னாங்க."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதுல ஒரு கடையிலயாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அது போகட்டும்மா" என்றார் முதலாளி. "எலுமிச்சை இலையில சுட்ட நண்டு இங்க பிரமாதம்னு எழுதிட்டாரு. வர்றவங்க எல்லாரும் அதையே கேக்கறாங்க. எங்க சமையல்காரர் அப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்ல."

"எங்களுக்கு மூணு பிளேட்" என்றாள் மைத்துனி.

முதலாளி மூத்த மருமகனின் தோளில் கை போட்டுச் சமையலறைக்குள் அழைத்துப் போய் விட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.