திருப்பி வாங்கிய சைக்கிள்

"பாத்தியா நவீன், நான் குடுத்த சைக்கிளோட கதியை!"

ஜீவானந்தம் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கூரை ஓரமாகச் சாய்ந்து கிடந்தது அவருடைய பழைய சைக்கிள். மேலே சாமை வைக்கோல். ஹேண்டில்பாரில் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். துருப்பிடித்த செயினிலிருந்து மழைத்தண்ணீர் பழுப்பாகச் சொட்டியது.

ஜீவானந்தத்துக்குப் போளூரில் எலெக்ட்ரிகல் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள் கிளப் ஆட்களோடு ஜவ்வாது மலை ஏறிவிடுவார். போன ஆடியில் விலை உயர்ந்த புது சைக்கிள் வாங்கினார். சைக்கிள் ஓட்டும் ஷூவை மட்டும் மாற்றவில்லை. அடியில் இரும்பு வைத்த அந்தப் பழைய ஷூ காலுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

பழைய சைக்கிளை மலையில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருந்த தீர்த்தகிரிக்குக் கொடுத்தார். மோட்டார் போட தினமும் ஊர் ஊராக நடக்கிற மனுஷன், பாவம் என்று. சும்மா கொடுக்கவில்லை. மாலை, பேனர், போட்டோ எல்லாம் வைத்துத்தான் கொடுத்தார். அந்தப் போட்டோ இன்னும் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்த நவீன்குமாரிடம் வழியெல்லாம் அந்தப் பெருமையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சத்தம் கேட்டு தீர்த்தகிரியின் மனைவி மங்கம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"வாங்க சார். மழையில நிக்கறீங்களே, உள்ள வாங்க."

"தீர்த்தகிரி எங்க?"

"படுத்துனு கீறாரு சார். புளியமரத்துல ஏறி வுழுந்துட்டாரு. காலு ஒடைஞ்சி, பிளேட் வெச்சிக்கீது."

"மோட்டார் வேலை?"

"வேற ஆளப் போட்டுட்டாங்க. எத்தினி நாளுதான் காத்துனு இருப்பாங்க?" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜீவானந்தத்துக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் ஆடு ஹேண்டில்பாரை ஒரு முட்டு முட்டியது. வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"வேலைக்குப் போடான்னு சைக்கிள் குடுத்தா, புளி உலுக்கப் போயிருக்கான். சரி, ஓட்டத் தெரிஞ்ச வேற யாருக்காவது குடுத்திருக்கலாம் இல்ல? ஆடு கட்டறதுக்கா குடுத்தேன்?"

மங்கம்மாள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் சார்."

"உங்களுக்கெல்லாம் பொருளோட அருமை தெரியாதும்மா. கண்ணமங்கலத்துல காலேஜ் போற பொண்ணு ஒண்ணு சைக்கிள் கேட்டுகிட்டே இருக்கு. அதுக்காவது உதவட்டும். நவீன், ஆட்டை அவுத்து வுடு."

ஈரப் பாறையில் ஷூ டக் டக்கென்று சத்தம் போட, ஜீவானந்தமே போய் வைக்கோலைத் தள்ளிவிட்டார். மங்கம்மாள் தடுக்கவில்லை. அவிழ்த்துவிட்ட ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளப் வேன் மெயின் ரோட்டில் நின்றிருந்தது. அதுவரை சேறும் இறக்கமுமான ஒற்றையடிப் பாதை.

"நீயே ஏறி ஓட்டிக்கிட்டு வா நவீன். வேன்ல ஏத்திடலாம்."

கேன்வாஸ் ஷூ போட்டிருந்த நவீன் ஒரு காலைப் பெடலில் வைத்தான்.

"தம்பி! ஏறாதீங்க!"

உள்ளேயிருந்து தீர்த்தகிரி சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தான். வாசல் வரை வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

ஜீவானந்தத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஏன்? நான் குடுத்தேன், நான் எடுத்துக்கிட்டுப் போறேன். உனக்கு இன்னா?"

"எடுத்துனு போங்க சார், நான் வாணான்னு சொல்லல. தம்பி, அதைத் தள்ளிகினே போங்க. அந்தப் பெடல்ல சாதா ஷூ நிக்காது. எறக்கத்துல மிதிச்சீங்கன்னா வழுக்கி வுட்டுடும்."

நவீன் காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். கால் வைக்கப் பலகை மாதிரி எதுவும் இல்லை. தீப்பெட்டி அளவுக்கு வழவழவென்று ஓர் இரும்புத் துண்டு.

"அண்ணே, இது உங்க ஷூ மாதிரி, அடியில இரும்பு வெச்ச ஷூவை இதுல கொக்கி மாதிரி மாட்டி ஓட்டற பெடலாச்சே! இவரு இதை எப்படி ஓட்டினாரு?"

வாசலில் கிடந்த தீர்த்தகிரியின் ரப்பர் செருப்பு ஜீவானந்தத்தின் கண்ணில் பட்டது.

"புளியமரம்னு சொன்னாங்களே..." என்று இழுத்தார்.

மங்கம்மாள் உடைந்துபோனாள். "மரமும் இல்ல, மட்டையும் இல்ல சார்! நீங்க குடுத்த ரெண்டாம் நாளே..."

"நீ சும்மா இரு மங்கம்மா," என்று அவளை அடக்கினான் தீர்த்தகிரி. "ஆசையா குடுத்த மனுசன். அதுலருந்து வுழுந்தேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரேன்னுதான் மரம்னு சொல்லச் சொன்னேன். வேற யாரும் ஏறி வுழக்கூடாதுன்னுதான் சார் ஆட்டைக் கட்டி வெச்சேன்."

ஜீவானந்தத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்தார். குனிந்தால் அந்த ஷூதான் தெரிந்தது.

தீர்த்தகிரி கும்பிட்டபடி சொன்னான்:

"அந்தப் பொண்ணுக்குத் தாராளமா குடுங்க சார். இந்தத் தடவை, உங்க கால்ல கீற ஷூவையும் சேத்துக் குடுத்துடுங்க."