எலிவாலின் கடைவாய்ப் பல்

பாதி திறந்த கதவு வழியே எல்லாம் தெரிகிறது. வெள்ளை விளக்கின் கீழ், வாயில் பஞ்சோடு ஒருவர் சாய்ந்து கிடக்கிறார். மரத்துப்போக ஊசி போட்ட டாக்டரம்மா, அது பிடிக்கும்வரை ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் போனில் குறுக்கெழுத்துக் குழுவை மேய்கிறார். நாற்பது பேர் புனைபெயரில் சேர்ந்து நிரப்பும் புதிர். கடைசிச் சொல்லைப் போடுகிறவருக்கு அன்றைய கிரீடம். "இருங்க சிஸ்டர், பேசாதீங்க, நுனி நாக்குல நிக்குது" என்று கண்ணை மூடுகிறார். நாற்காலியில் கிடப்பவரின் கட்டைவிரல், வயிற்றின்மேல் இருக்கும் போனில் மெல்ல நகர்கிறது. டாக்டரம்மாவின் போன் டிங் என்கிறது. "போச்சு! இந்த எலிவாலும் பூனைமீசையும் மாத்தி மாத்தி முந்திக்கிறானுங்க. வேலைவெட்டி கிடையாதா இவனுங்களுக்கு?" மரத்த உதடு ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கிறது. டாக்டரம்மா அந்தச் சிரிப்பைப் பார்க்கிறார். அப்புறம் வயிற்றின்மேல் ஒளிரும் திரையை, அதில் மினுங்கும் கிரீடத்தைப் பார்க்கிறார். நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொள்கிறார். டிரில்லை எடுத்து, காற்றில் ஒருமுறை உறுமவிடுகிறார். "வாயை நல்லாத் திறங்க, எலிவால் சார்." நர்ஸ் வெளியே எட்டிப்பார்த்து, "அடுத்து நீங்கதானே?" என்கிறார். எனக்குப் பல்வலி சட்டென்று நின்றுவிடுகிறது. பூனைமீசை நான்தான்.