மனைவியின் மின்னஞ்சல்

என் மனைவி இறந்த பின்னும் கனடாவிலிருக்கும் மகன் கஜரூபன், நான் திறந்து கொடுத்த அவளுடைய மின்னஞ்சலுக்குத்தான் எழுதினான். எனக்கு ஒரு வரிகூட இல்லை. அவளிடமிருந்து பதிலும் வருகிறதாம்.

எவனோ கள்ளன் எங்கள் குடும்ப விஷயங்களை வாசிக்கிறான் என்று, பதுளை பஜாரிலுள்ள இன்டர்நெட் கடைக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்த வாரமும் பதில் போயிருந்தது. மறுபடி மாற்றினேன். இம்முறை அவளுடைய பெயரையே வைத்தேன். கல்யாணமான நாள் முதல் ‘இஞ்சாரும்’ என்றுதான் அவளைக் கூப்பிட்டேன். என் வாயில் வராத பெயரை எந்தக் கள்ளன் ஊகிப்பான்?

ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் சிரித்தான்.

“அம்மாவுக்குச் சரியான சந்தோசம், அப்பா. நீங்கள் முதல்தரம் அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களாம்.”

“அதையும் உனக்குத்தான் எழுதினவவோ?” என்று கேட்டேன்.