பெயர் மறைத்த விண்ணப்பம்

"இன்னிக்குன்னு பார்த்து உனக்கு விடுதலை வேணுமா? உட்காரும்மா. நான் முழுங்கற பாதி வார்த்தை உன்னை விட்டா யாருக்குப் புரியும்?"

"இல்ல சார், இந்தக் கூட்டத்துக்கு மட்டும் வேற யாராவது குறிப்பெடுத்தா நல்லாருக்கும்னு..." என்று இழுத்த டைப்பிஸ்ட், தலைவர் கையை அசைத்ததும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறவர். கடைசிக் கூட்டம், மனசு கனத்துவிட்டது போலும் என்று தலைவர் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்.

நகரத்தின் வரலாற்றை ஆராய்கிற ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தரும் அறக்கட்டளை அது. தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். இந்த நகரத்தைப் பற்றி இரண்டு தடித்த புத்தகங்கள் எழுதியவர். அதைப் பிறர் மறக்க விடாதவர். தேர்வுக் குழுவின் இன்னொரு உறுப்பினர் டாக்டரம்மா. விண்ணப்பங்களில் பெயரை மறைத்து எண்ணை மட்டும் போட வேண்டும், பெயர் தனியாக ஒட்டி மூடிய உறைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி அவர் கொண்டுவந்ததுதான்.

"மூணாம் நம்பருக்கே கொடுத்துடலாம். மணிக்கூண்டுகளைப் பத்தின ஆராய்ச்சி. கெட்டிக்காரப் பையன்" என்றார் தலைவர்.

"பேரே இல்லை. பையன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் டாக்டரம்மா.

"என் புத்தகத்தை முப்பத்தோரு இடத்துல மேற்கோள் காட்டியிருக்கான். அந்த அறிவு எல்லாருக்கும் வந்துடுமா?"

"நான் பதினேழாம் நம்பர்ங்கறேன். நகரத்துல வேலைக்குப் போன பெண்களோட வரலாறு."

"அதுல ஆராய என்ன இருக்கு? காலையில போனாங்க, சாயங்காலம் வந்தாங்க. என் ரெண்டு புத்தகத்துலயும் அதுக்கு ஒரு வரிகூடத் தேவைப்படலையே!"

"அதைத்தான் அவங்க முதல் பக்கத்துலயே எழுதியிருக்காங்க."

மூலையில் பென்சில் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

தலைவர் பதினேழை வெடுக்கென்று இழுத்துப் பிரித்தார். குறை கண்டுபிடிக்கத்தான் படிக்க ஆரம்பித்தார். கல்யாணமானால் வேலை போய்விடும் என்பதால், புருஷனை அண்ணன் என்று சொல்லி நாலு வருஷம் சமாளித்த டெலிபோன் ஆபரேட்டர். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கி, ஒரேயொரு ஸ்டூல் கேட்டு மனுக் கொடுத்த துணிக்கடைப் பெண்கள்.

"இதைப் பாருங்க. கழிப்பறை இல்லாத ஆபீஸ் பெண்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். சுத்தக் கட்டுக்கதை!"

"அப்பல்லாம் எங்க ஆஸ்பத்திரிக்கே வருவாங்க" என்றார் டாக்டரம்மா. "தினம் மத்தியானம் நாலு பொண்ணுங்க, நோயே இல்லாம. சீட்டு எழுதிக்கிட்டு நேரா பின்பக்கம் போயிடுவாங்க. நானும் கண்டுக்கிட்டதில்ல."

தலைவர் மூலைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நம்ம ஆபீஸ்ல பெண்களுக்குத் தனியா எப்பக் கட்டினோம்?"

"நான் வந்து ஏழு வருஷம் கழிச்சு சார்."

"அதுவரைக்கும்?"

டைப்பிஸ்ட் தலை நிமிராமல், "டாக்டரம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும் சார்" என்றார்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பதினேழைப் புரட்ட ஆரம்பித்தார். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவும் இதே தெருவுல நடந்திருக்கு. நான் ரெண்டு புத்தகம் எழுதிட்டு மேல பார்த்துக்கிட்டே போயிருக்கேன்" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நடையும் நல்லாருக்கு. கிட்டத்தட்ட என் நடை."

"உங்களோடதைவிட ஒரு படி மேல."

"சரி, பதினேழுக்கே கொடுத்துடலாம். மணிக்கூண்டு எங்கேயும் ஓடிப்போயிடாது."

உறையைப் பிரித்தார். உள்ளிருந்த பெயரை உரக்கப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். நெற்றி சுருங்கியது.

"இப்படியொரு பேரை நான் கேள்விப்பட்டதே இல்லையே! ஏதாவது வெளியூர்ப் பேராசிரியையா இருக்கும். ஏம்மா, இவங்களுக்குப் போன் போட்டு உடனே இங்க வரச் சொல்லு."

டைப்பிஸ்ட் நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு சார்."