விடுபட்ட மேற்கோள்

ஞானாபரணம் வாத்தியார் எழுதிய ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கிறிஸ்தவ வேதத்திலிருந்து ஒன்று, பழங்காப்பியத்திலிருந்து ஒன்று என மேற்கோள் இருக்கும். மெய்ப்புப் பார்க்கும் செல்வராணிக்கு அந்த மனிதரின் ஞாபகசக்தியை நினைத்தாலே மலைப்பு. இருபதாயிரம் சொற்களில் ‘நெய்பர்’ ஒன்றுக்குத்தான் இடம் காலியாகக் கிடந்தது. தாளோடு அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஒரு வசனங்கூடவா கிடைக்கல, சார்?”

“அயலானை நேசின்னு வேதத்துல கொட்டிக் கிடக்கும்மா. எழுதத்தான் கை கூசுது.”

அவர் ஜன்னல் வழியே மதிலைப் பார்த்தார். அதன்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தவர் அவர்தான். பக்கத்து வீட்டோடு பேச்சு நின்று பதினோரு வருஷம்.

சட்டையை மாட்டிக்கொண்டார். “இரும்மா, வந்து எழுதித் தர்றேன்.”

அடுத்த வீட்டு அழைப்புமணி கேட்டது. செல்வராணி பேனாவைத் திறந்து வைத்தாள். மணி மறுபடியும் கேட்டது.